ராசாத்தி காணாமல் போன காலை

"அக்கா! ராசாத்தியக் காணோம்!"

திருவிழாவின் கடைசி நாள். காலை ஏழரை மணி. மாரியம்மன் கோவில் வாசலில் பால்குடங்கள் மஞ்சள் துணி கட்டி வரிசையாகக் காத்திருந்தன. உறுமிக்காரர்கள் குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்மேட்டு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வெள்ளை அங்கியோடு ஓடிவந்த வசுமதிக்கு மூச்சு வாங்கியது. அவள் தேடிவந்த அக்கா வரிசையில் மூன்றாவதாக, மஞ்சள் சேலையில், வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

அக்காவின் பெயர் விக்னேஸ்வரி. தானா ராத்தா போலீஸ் நிலையத்தில் சார்ஜன். பிறந்தது இந்த எஸ்டேட் லயத்து வீட்டில்தான். திருடர்களைப் பிடிப்பதில் பேர் வாங்கியவள். அதைவிட, மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்கமாட்டாள் என்று பேர் வாங்கியவள். அப்பேர்ப்பட்டவள் காப்புக் கட்டிப் பத்து நாளாகத் தயிரும் பருப்புமாக ஒட்டிக்கொண்டிருந்தாள். மனத்தில் அம்மன் இருந்தாள், இல்லையென்று சொல்லவில்லை. அம்மனுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நெத்திலிப் பொரியலும் இருந்தது.

இந்த எஸ்டேட்டில் விரதம் என்றால் வாயைக் கட்டினால் மட்டும் போதாது. காப்புக் கட்டிவிட்டால் கூரைக்குக் கீழே கவுச்சியே இருக்கக்கூடாது. அதனால் முதல் நாளே வீட்டுக்கு வீடு கருவாடு, பிளாச்சான் இறால் விழுது, குளிர்ப்பெட்டியில் இருக்கும் கெம்போங் மீன் எல்லாம் பொட்டலமாகிப் பேர் எழுதி முச்சந்திக்குப் போய்விடும். அங்கே மீன் லோரி வைத்திருக்கும் சீன வியாபாரி ஆ லெக் தவுக்கே அத்தனையையும் ஐஸ் பெட்டியில் வாங்கி வைத்துக்கொள்வார். மஞ்சள் நீராட்டு முடிந்ததும் அவரவர் பொட்டலம் அவரவர் கைக்கு வரும். விக்னேஸ்வரியும் தன் இக்கான் பிலிஸ், அதாவது நெத்திலிக் கருவாட்டு ஜாடியைப் பிள்ளையை விடுதியில் விடுபவள்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடிதான் கொடுத்துவிட்டு வந்தாள்.

"எந்த ராசாத்தி? மெதுவா சொல்லு."

"நம்ம ராசாத்திதான்கா. பதினாலாம் மலை ராசாத்தி."

விக்னேஸ்வரி வரிசையை விட்டு வெளியே வந்தாள். ராசாத்தி ஒரு தேயிலைச் செடி. சுற்றிலும் இருந்த செடிகளெல்லாம் கொப்புள நோயில் இலை வெந்து நின்றபோது, ஒரு கொப்புளம்கூட வாங்காமல் பளபளவென்று நின்றது அது ஒன்றுதான். கொழுந்து பறிப்பவர்கள்தான் அந்தப் பேரை வைத்தார்கள். போன மழையில் மலைச்சரிவோடு சரிந்து மண்ணுக்குள் போய்விட்டது. போவதற்கு முன் வசுமதி கிள்ளி வைத்த துளிர்முனைகள்தான் உலகத்தில் மிச்சம். ஊசிமுனை அளவு செல் கூட்டங்கள், சின்னக் குப்பிகளில், ஒரே ஒரு டப்பாவில்.

"பால்குடம் பத்தரைக்குத்தானே? வா," என்று வேப்பிலையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள் சார்ஜன்.

* * *

ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைந்ததும் புளித்த தோசைமாவு வாசனை அடித்தது. மூலையில் ஒரு கண்ணாடிக் கலத்தில் ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது. பசித்த வயிற்றுக்கு அதுகூட நன்றாகத்தான் இருந்தது.

உள்ளறைக் கதவில் உடைப்பு இல்லை, கீறல் இல்லை. உள்ளே ஆளுயரக் குளிர் அலமாரி. கீழ்ப்பாகம் சாதாரணக் குளிர். அதில் அம்மனின் தேர்மாலைகள் ஈரத்துணி போர்த்திப் படுத்திருந்தன. கோவில் குளிர்ப்பெட்டி பழுதானதால் வசுமதிதான் இடம் கொடுத்திருந்தாள். மேல்பாகம் உறைநிலைக்கும் ஆறு டிகிரி கீழே. அதில் நாலு டப்பாக்கள் இருந்தன. ஐந்தாவதின் இடம் காலி.

"இந்த நாலுல என்ன?"

"வேற செடிங்க. விலை உசந்த ஆர்க்கிட் விதைகூட இருக்கு. அதையெல்லாம் தொடவே இல்ல."

டப்பாக்கள் ஒவ்வொன்றின் மூடியிலும் ஓர் இலைப் படம் வரைந்திருந்தது. விக்னேஸ்வரி குனிந்தாள். காலியான இடத்தில் தட்டின் வெள்ளையில் மஞ்சளாக ஒரு திட்டு, துணியால் துடைத்த வாட்டத்தில்.

"இது?"

"ஏதாச்சும் மருந்து சிந்தியிருக்கும். இல்லாட்டி மாலையிலேர்ந்து."

"மாலை கீழதானே இருக்கு? கீழ இருக்கறது மேல எப்படிச் சிந்தும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கேள்விக்குப் போனாள். "டப்பாவ எடுத்தவன் எங்க வெச்சிருந்தா செல்லு பொழைக்கும்?"

வசுமதியின் கண் கலங்கியது. "அதுதான்கா பயம். தண்ணி உறைஞ்சா ஐஸ் ஊசி ஊசியா வளரும். அந்த ஊசி செல்லக் கிழிச்சுடும். பனிக்கடல்ல இருக்கற மீனுக்கு ரத்தம் உறையாது, தெரியுமா? அது உடம்புல ஒரு புரதம் இருக்கு. குட்டியா ஐஸ் முளைச்சதும் போய் அது மேல ஒட்டிக்கும், வளர விடாது. அந்தப் புரதத்துலதான் ராசாத்தி உறையாம தூங்கிக்கிட்டு இருந்தா."

"மீனா?" விக்னேஸ்வரி எச்சில் விழுங்கினாள்.

"ஆமா. ஆனா அதுக்கும் ஒரு எல்லை உண்டு. வீட்டு ஃப்ரீசர்ல போட்டா அந்தக் குளிர் புரதத்துக்கே தாங்காது, கட்டியாகிச் செத்துடும். வெளிய வெச்சா மத்தியானத்துக்குள்ள அழுகிடும். ரெண்டும் சாவுதான்கா. நாலு வருசம். அவ போனா மறுபடி கிடைக்க மாட்டா."

"அழாத. யார் யார்கிட்ட சாவி?"

"என்கிட்ட. குகன்கிட்ட. ஆபீஸ் கொத்துல ஒண்ணு, அது கிராணி ஐயாகிட்ட. எனக்கு நேத்து முழுக்க ஈப்போல கூட்டம், ராத்திரிதான் வந்தேன்."

* * *

கிராணி சிங்காரம் வெளியே கூட்டம் சேர்த்துவிட்டிருந்தார். எஸ்டேட் ஆபீசில் கணக்கு பார்க்கும் தலைமைக் கிராணியும் அவர்தான், கோவில் கமிட்டித் தலைவரும் அவர்தான். இரண்டு பதவிக்கும் சேர்த்து ஒரே குரல்தான், ஆனால் அது இரண்டு பேர் குரலுக்குச் சமம்.

"அம்மன் தேர் ஏறுற நாள்ல திருட்டா! மேனேஜர் துரைகிட்ட போன்ல சொல்லிட்டேன். மத்தியானத்துக்குள்ள கிடைக்கலைன்னா குகன் பேர்ல ரிப்போர்ட் எழுதச் சொல்லிட்டாரு."

குகன் ஆராய்ச்சிக்கூடத்தின் உதவியாளன். இருபத்தைந்து வயது. ரிங்லெட் அணையில் தூண்டில் போடுவது அவன் பொழுதுபோக்கு. போன வருசம் மீன் இரையை இதே கூடத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து எல்லாரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டவன். இப்போது சுவரோடு சுவராக நின்றிருந்தான்.

விக்னேஸ்வரி அவனைத் தனியே அழைத்தாள்.

"கடைசியா டப்பாவ எப்ப பாத்த?"

"நேத்து அஞ்சு மணிக்கு. பாத்துட்டுப் பூட்டிட்டுப் போனேன்."

"கீழ்நாட்டு நாற்றுப்பண்ணை ஏஜெண்டு கோகிலன் நேத்து வந்தானாமே? ராசாத்திய விலைக்குக் கேட்டானாமே?"

"கேட்டாரு. எனக்கு வேலையும் தர்றேன்னாரு. மாட்டேன்னுட்டேன். அவரு மூணு மணிக்கே பஸ் ஏறிட்டாரு."

"அஞ்சு மணிக்கு மேல நீ எங்க போன?"

குகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"குகன், சொல்லு."

"சொல்ல முடியாதுக்கா. அம்மா மேல ஆணையா சொல்ல முடியாது."

விக்னேஸ்வரி அவன் பக்கம் லேசாகச் சாய்ந்தாள். பத்து நாள் பட்டினி கிடந்த மூக்கு அது. நாய்க்குக்கூட அவ்வளவு கூர்மை இருக்காது.

"சம்பல் தடவிச் சுட்ட மீனு," என்றாள் கண்ணை மூடி. "வாழையிலையில வெச்சு. பிரிஞ்சாங் ராத்திரிக்கடை. இக்கான் பாக்கார்."

குகன் முகம் வெளுத்தது. "அக்கா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்கலா. நான் காப்புக் கட்டல. இருந்தாலும் எஸ்டேட்டே விரதம் இருக்கறப்ப..."

"ரெண்டு துண்டா, மூணா?"

"மூணு."

"பாவி," என்றாள் சார்ஜன், மனப்பூர்வமாக.

அடுத்தவர் சிங்காரம்.

"நேத்து ஆறு மணிக்கு நான்தான் மாலை கொண்டாந்து வெச்சேன். தனியாத்தான் வந்தேன். மறைக்க என்ன இருக்கு? என் கையால பூட்டிட்டுத்தான் போனேன்." சிங்காரம் காப்புக் கட்டிய கையை நீட்டிக் கோவில் பக்கம் திரும்பினார். "அம்மன் மேல சத்தியம். ராசாத்தி துளிர நான் தொடல. கண்ணால கூடப் பாக்கல. பச்சையா ஒரு இலைகூட அந்த அலமாரியில என் கண்ணுல படல. எனக்கு முன்னாடியே எவனோ அடிச்சிட்டான்!"

கூட்டம் "ஆமா ஆமா" என்றது. காப்புக் கையோடு அம்மன் மேல் பொய்ச்சத்தியம் செய்ய இந்த மலையில் ஆள் கிடையாது. சிங்காரமோ விபூதியில் ஒரு சிட்டிகை கீழே சிந்தினாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர். எல்லார் பார்வையும் மறுபடி குகன் மேல் விழுந்தது.

விக்னேஸ்வரி படியில் உட்கார்ந்தாள். இரண்டே பேர். இருவரும் உண்மை பேசுகிறார்கள். டப்பாவோ போய்விட்டது. விலை உயர்ந்ததை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுத்து, இடத்தைத் துடைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போகிற திருடனை அவள் இருபது வருட உத்தியோகத்தில் பார்த்ததில்லை. காலையில் மஞ்சள் நீரில் நனைத்த சேலையின் ஈர முந்தானையைப் பிழிந்தாள். வெள்ளைப் படியில் மஞ்சளாக ஒரு திட்டு விழுந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வசு, ராசாத்தி குப்பி பாக்க எப்படி இருக்கும்? பச்சையாவா?"

"இல்லக்கா. செல்லு கண்ணுக்கே தெரியாது. கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கலா இருக்கும்."

"டப்பா?"

"அதே மாதிரி இன்னொண்ணு காலியா இருக்கு. இருங்க."

வசுமதி கொண்டுவந்த டப்பாவைப் பார்த்ததும் விக்னேஸ்வரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். விரதம் தலைக்கேறிவிட்டது என்று யாரோ தண்ணீர் எடுக்க ஓடினார்கள்.

* * *

"எடுத்தது கிராணி ஐயாதான்," என்றாள் விக்னேஸ்வரி.

உறுமி வாசித்துப் பழகிக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான்.

"என்னம்மா சொல்ற!" சிங்காரத்தின் நெற்றிச் சந்தனம் வெடித்தது. "அம்மன் மேல சத்தியம் பண்ணியிருக்கேன்!"

"சத்தியம் சத்தியம்தான் ஐயா. நீங்க பொய் சொல்லல. ராசாத்தி எப்படி இருப்பான்னு உங்களுக்குத் தெரியாது. செடின்னா பச்சையாத்தானே இருக்கணும்? நீங்க பச்சையத் தேடுனீங்க. எல்லாரும் உங்கள ராசாத்தியத் தொட்டீங்களான்னு கேட்டோம். ஒருத்தரும் இதக் கேக்கல."

காலி டப்பாவைத் தூக்கிப் பிடித்தாள். மூடியில் ஒரு மீன் படம். வசுமதிக்கு வரையத் தெரியும். கண்ணும் செதிலும் வாலுமாக மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

"மத்த டப்பாவுல இலைப் படம். இதுல மட்டும் மீனு, மீன் புரதத்துல வெச்சதுக்கு அடையாளம். நீங்க மாலைய வெச்சிட்டு மேல்கதவத் திறந்தீங்க. பாலுக்கு இடம் இருக்கான்னு பாத்திருப்பீங்க. அம்மன் மாலைக்கு நேர் மேல மீன் டப்பா! உள்ள கலங்கலா கஞ்சி மாதிரி என்னமோ. குகன் போன வருசம் பண்ணின வேலை உங்களுக்கு ஞாபகம் வந்துருச்சு. டப்பாவ எடுத்தீங்க. தீட்டுப்பட்ட இடத்த மஞ்சத் தண்ணியில துடைச்சீங்க. அந்தத் திட்டு இன்னும் அங்கதான் இருக்கு. எந்தத் திருடன்யா மஞ்சத் தண்ணியோட திருட வருவான்?"

சிங்காரம் காப்புக் கையைக் கீழே இறக்கினார். பிறகு மிகச் சின்னக் குரலில், "அது குகனோட மீன் இரைன்னு நெனச்சேன்," என்றார். "வயசுப் பையன், திருவிழா நாள்ல சபையில அவமானப்படுத்த வேணாம்னு யாருக்கும் சொல்லல. அதுவா... அதுவா ராசாத்தி?"

திருட்டுப் பட்டம் கட்டினாலும் மீன் பட்டம் கட்டமாட்டேன் என்ற அந்த மனசை நினைத்து விக்னேஸ்வரிக்கு அவர்மேல் பிரியம்தான் வந்தது.

"டப்பா எங்கய்யா?" வசுமதி கத்தினாள்.

"அத அவரு சொல்ல வேணாம்," என்றாள் விக்னேஸ்வரி, கோவில் வேன் பக்கம் ஓடியபடி. "இந்தப் பத்து நாள்ல இந்த எஸ்டேட்டு மீனெல்லாம் எங்க போகுது?"

* * *

முச்சந்தியில் லோரி இல்லை. வசுமதி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

எஸ்டேட்டில் இன்று வியாபாரம் இருக்காது என்று ஆ லெக் ரிங்லெட் சந்தைக்குப் போய்விட்டதாகக் காய்கறிக்காரர் சொன்னார். வேன் வளைவு வளைவாக இறங்கியது. குகன் ஓட்டினான். பின்னால் சிங்காரம் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வேண்டுதல் வைத்தார். "அவரு ஃப்ரீசர்ல வெச்சிருந்தா?" என்று வசுமதி திரும்பத் திரும்பக் கேட்டாள். விக்னேஸ்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சந்தை ஓரத்தில் நீல லோரி நின்றது. ஆ லெக் தவுக்கே கத்தியைக் கீழே வைத்தார்.

"கிராணி குடுத்த டப்பாவா? இருக்குலா. குகன் மீனு, திருவிழா முடிஞ்சு குடுங்கன்னு சொன்னாரு. நான் திறக்கல. அடுத்தவங்க மீன நான் திறக்கமாட்டேன்."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"ஐஸ் பெட்டியிலதான். ஊரு மீனெல்லாம் அங்கதானே."

பெட்டியைத் திறந்தார். உடைத்த ஐஸுக்கு நடுவே பொட்டலங்கள், அவற்றுக்கு நடுவே நீல மூடியில் துள்ளும் மீன். ஐஸ் மேலெல்லாம் கல்லுப்பு அள்ளித் தூவியிருந்தது.

"உப்பு எதுக்கு தவுக்கே?"

"வெறும் ஐஸ்ல குளிரு பத்தாதுலா. பத்து நாள் வெக்கணும். உப்பு போட்டா இன்னும் குளிரும்."

காப்புக் கட்டியவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். வசுமதி முழங்கை வரை கையை விட்டு டப்பாவை எடுத்தாள். அது இருந்த குழியில் அங்கிப்பையிலிருந்து எடுத்த வெப்பமானியைச் செருகினாள். எண் இறங்கியது. இறங்கி நின்றது.

"மைனஸ் அஞ்சு," என்றாள். மறுபடி பார்த்தாள். "அக்கா, மைனஸ் அஞ்சு! நம்ம அலமாரிக்கும் இதுக்கும் ஒரே ஒரு டிகிரிதான்!" டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் சந்தையே திரும்பிப் பார்த்தது. டப்பா இருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஐஸ் விலகித் தெரிந்த தன் ஜாடியை விக்னேஸ்வரி ஒரு கணம் பார்த்துவிட்டு, கோவில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

* * *

டப்பா அலமாரிக்குத் திரும்பியது. ஒரே ஒரு குப்பியை மட்டும் வசுமதி வெளியே எடுத்தாள். அதில் ஒரு சாயம் விட்டாள். உயிர் இருந்தால் பச்சையாக ஒளிரும், இல்லாவிட்டால் இருட்டு. நுண்நோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாள். தள்ளி நின்று விக்னேஸ்வரிக்கு இடம் விட்டாள்.

கறுப்பு வட்டத்துக்குள் பச்சை பச்சையாகப் பொட்டுகள். கோவில் சீரியல் விளக்குகளை யாரோ உள்ளங்கையில் அள்ளி வைத்ததுபோல. ராசாத்தி விழித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்காளா?" வாசலிலிருந்தே கேட்டார் சிங்காரம். உள்ளே வர அவருக்குத் தைரியம் இல்லை.

"இருக்கா ஐயா. வந்து பாருங்க."

பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருந்தாலும் வசுமதி, மீன் சாரத்தப் போய் அம்மன் மாலைக்கு மேல வெக்கலாமா?"

"அதுல மீனே இல்ல ஐயா."

"என்னது?"

"புரதம் மொதல்ல மீனுல இருந்ததுதான். ஆனா அதச் செய்யற விவரத்த மட்டும் எடுத்து ஈஸ்ட்டுக்குக் குடுத்துட்டோம். இப்ப அதுதான் செய்யுது. அந்தா, மூலையில நுரைக்குதே, தோசைமாவு வாசனை வருதே, அங்கதான். ஒரு மீனக்கூட நாங்க தொட்டதில்ல."

சிங்காரம் மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார். "அப்ப இது... சைவமா?"

"சுத்த சைவம்."

விக்னேஸ்வரி இதற்காகவே காத்திருந்தவள்போல இடுப்பில் கை வைத்தாள். "கேட்டுக்குங்க கிராணி ஐயா. பத்து நாளா ராசாத்தியும் நம்மளோட விரதம்தான் இருந்திருக்கா. நீங்கதான் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி ராத்திரி முழுக்க மீனுங்களுக்கு நடுவுல படுக்க வெச்சிருக்கீங்க!"

முதலில் சிரித்தது குகன்தான். அடுத்து வசுமதி. கடைசியாக, தலையில் அடித்துக்கொண்டே, சிங்காரமும் சிரித்தார். பிறகு குகன் கையைப் பிடித்து, "தம்பி, துரைகிட்ட நானே பேசுறேன். மன்னிச்சுக்க," என்றார். அவன் நேற்று எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. சார்ஜன் கேட்கவிடவில்லை.

கீழே உறுமி முழங்கியது. விக்னேஸ்வரி சேலையைச் செருகிக்கொண்டு ஓடினாள். பால்குடம் ஒரு சொட்டுச் சிந்தாமல் கோவிலை மூன்று சுற்றுச் சுற்றி வந்தது.

* * *

அடுத்த மழைக்கு முன் நாற்றுக்கூடத்தில் ஒரு தொட்டியில் ராசாத்தி இரண்டு இலை விட்டாள். விக்னேஸ்வரி பார்க்க வந்தபோது அவளுக்கு முன்பே சிங்காரம் அங்கே நின்றிருந்தார். சாவிக்கொத்தை வாசலிலேயே ஆணியில் மாட்டிவிட்டு வந்திருந்தார்.

"வசுமதி," என்றார். "கையக் கழுவிட்டுத்தான் வந்திருக்கேன். தொடலாமா?"

அவள் தலையசைத்தாள். ஒற்றை விரலால் இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம் என்று தடவினார். கொப்புளம் ஒன்றுகூட இல்லை. "பச்சையாத்தான் இருக்கா," என்றார் அவர்.

விக்னேஸ்வரி ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள். அவள் வாய் நிறையப் பொரித்த இக்கான் பிலிஸ் இருந்தது.